சேந்தங்கரையில் ஒளி ஏதும் தெரியவில்லை

பிப்ரவரி 3, திங்கள்

செய்முறைத் தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம். ஆய்வகத்தில் இருக்கும் ஐந்து வோல்ட்மீட்டர்களில் இரண்டு, எதனோடும் இணைக்காமலேயே மூன்று வோல்ட் காட்டுகின்றன. தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். "ஒண்ணுமே காட்டாம இருக்கிறதுக்கு இது பரவால்லயே டீச்சர்" என்றார். அவர் வரலாறு நடத்தி உயர்ந்தவர்.

ஊரில் வேறு பேச்சே இல்லை. போன வாரம் மூன்று இரவுகள், கடலுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒளி தெரிந்ததாம். அந்தரத்தில் நின்றதாம், மெல்ல இறங்கியதாம், அணைந்ததாம். வெள்ளிக்கிழமை விசாரித்தபோது பார்த்தவர்கள் ஐந்து பேர். இன்று ஐநூறு பேர். என் வகுப்பில் ஒருத்தி அதில் மாதாவின் முகத்தையே பார்த்திருக்கிறாள். ஒரு பல்பும் ஒரு சுவிட்சும் உள்ள மின்சுற்றை அவளுக்கு இன்னும் வரையத் தெரியாது.

மாலையில் மூன்று லாரிகளில் ராணுவம் வந்து புயல் பாதுகாப்பு மையத்தில் இறங்கியது. புயல் வந்தபோது அந்தக் கட்டடத்தின் சாவி கிடைக்கவில்லை. இன்று உடனே கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 4, செவ்வாய்

என்னை மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிட்டார்கள். வந்திருக்கும் மேஜருக்குத் தமிழ் தெரியாது, சாட்சிகளுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. "ஆங்கில ஆசிரியர் இருக்கிறாரே?" என்று கேட்டேன். "அவரு எழுதுவாரு டீச்சர், பேசச் சொன்னா லீவு போட்டுருவாரு" என்றார் தலைமை ஆசிரியர்.

மேஜர் பட்வர்த்தனுக்கு ஐம்பது வயதிருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருக்கிறது. மரியாதையானவர், நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார். நாற்பத்தொரு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் காட்டினார். பத்தொன்பதாவது கேள்வி: ஒளி உங்களிடம் ஏதேனும் பேசியதா? இதைத் தயாரித்தவர் யாரோ, சம்பளம் வாங்கிக்கொண்டுதான் தயாரித்திருப்பார்.

பிறகு சாட்சிகளின் பட்டியலைக் கொடுத்தார். மொத்தம் ஐந்து பேர். நான்காவது பெயர் ச. கஸ்பார், மீனவர், வயது 29. பெயருக்கு எதிரே, 'தற்போது மையத்தின் விருந்தினர்' என்றிருந்தது. விருந்தினரின் அறைக்கு வெளியே துப்பாக்கியோடு ஒருவர் நின்றார்.

சாட்சி எண் நான்கு என் தம்பி. அவனோடு நான்கு வருடமாகப் பேச்சில்லை. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 5, புதன் (காலை)

எழுத ஒன்றுமில்லை என்று எழுதியதிலிருந்து தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

அம்மா போனபோது கஸ்பாருக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தாறு. நான்தான் வளர்த்தேன். இயற்பியலில் பட்டம் வாங்கவைத்தேன். பக்கத்து ஊர் கூட்டுறவு அலுவலகத்தில் வேலையும் பார்த்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மதியம் சாப்பிட எழுந்தவன், நேராகக் கடலுக்குப் போய்விட்டான். "இனி என் வாசலில் கால் வைக்காதே" என்றேன். பிறந்ததிலிருந்து அவன் என் பேச்சை உடனே கேட்டது அந்த ஒரு முறைதான். மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறான். அவன் கல்யாணத்தன்று எனக்குத் தலைவலி, போகவில்லை.

அவன் எனக்குத் தம்பி என்று மேஜரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் என்னை அனுப்பிவிட்டு, ஆங்கில ஆசிரியரை உட்காரவைப்பார்கள். அவர் தமிழையே தப்பாகத்தான் புரிந்துகொள்வார். கேட்டால் சொல்வேன். கேட்கவில்லையே.

பிப்ரவரி 5, புதன் (மாலை)

முதல் சாட்சி கருவாடு காயப்போடும் ரோசம்மாள். ஒளி எவ்வளவு நேரம் தெரிந்தது என்று மேஜர் கேட்டார்.

"ஒம்பது அருள் நிறைந்த மரியே" என்றாள் ரோசம்மாள். பயத்தில் ஜெபம் சொல்லியிருக்கிறாள். பத்தாவதைத் தொடங்கும்போது அணைந்துவிட்டது.

"நொடியில் எவ்வளவு?" என்றார் மேஜர். அவரும், அவருடைய காகிதங்களைக் கவனிக்கும் ஹவில்தார் பிஷ்ட்டும் காத்திருக்க, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நான் ஒரு முழு ஜெபத்தைச் சொன்னேன். பதினெட்டு நொடி. மொத்தம் நூற்று அறுபத்திரண்டு. மேஜர் படிவத்தில் 162 என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார். இந்த விசாரணையில் இதுவரை கிடைத்த ஒரே அளவீடு மாதாவின் உபயம்.

மதியத்துக்கு மேல் சாட்சி எண் நான்கை அழைத்து வந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பிறகு உட்கார்ந்தான்.

என்ன தொழில் என்று மேஜர் கேட்டதைத் தமிழில் கேட்டேன்.

"டீச்சருக்குத் தெரியாதாக்கும்" என்றான்.

"மீன்பிடிப்பு என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

குடும்பத்தில் யார் யார் என்று அடுத்த கேள்வி.

"பொண்டாட்டி இருக்கா. ஒரு அக்கா இருந்தாவ."

மேஜர் பேனாவை நிறுத்தினார். அந்த அக்கா இறந்துவிட்டாரா என்றார். அதையும் நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

"சேச்சே. நல்லாத்தான் இருக்காவ. கொஞ்சம் நரை விழுந்திருக்கு."

"உயிருடன் இருக்கிறார், ஆனால் தொடர்பில்லை என்கிறார்" என்றேன்.

அவன் இங்கே இருப்பதற்கான காரணம் அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. கடைசி ஒளி தெரிந்த மறுநாள் விடியற்காலையில், அவன் வலையில் ஓர் அலுமினியக் குழாய் மாட்டியிருக்கிறது. கூடவே கயிறுகளோடு பெரிய வெள்ளைத் துணி, குடை மாதிரி. கடலோரக் காவல் நிலையத்துக்கு அவனே அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். கடலில் திரும்பப் போட்டிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பான். ஒப்படைத்தான், ஆகவே சந்தேகத்துக்குரியவன்.

"யாரிடமிருந்து வாங்கினாய் என்று கேளுங்கள்" என்றார் மேஜர்.

"கடல்ட்ட இருந்து" என்றான் கஸ்பார். அதை அப்படியே மொழிபெயர்த்தேன். மேஜருக்குப் பிடிக்கவில்லை.

எழுந்து போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பிலோமி எப்படி இருக்கான்னு டீச்சர் ஒரு எட்டு பாத்துச் சொல்லுவாவளா? ஏழு மாசம்."

அவன் மனைவி உண்டாகியிருப்பது எனக்குத் தெரியாது. மூன்று தெரு தள்ளி நடப்பது எனக்குத் தெரியாது.

"என்ன சொல்கிறார்?" என்றார் மேஜர்.

"கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லையாம்" என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பள்ளி விட்டதும் போனேன். போகிற வழிதானே என்று எழுத நினைத்தேன். போகிற வழி இல்லை, எதிர்த்திசை.

பிலோமி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. "வாங்க மைனி" என்றாள், நான் நேற்றும் வந்து போனவள் போல. அழுவாள், சண்டை போடுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றும் பயன்படவில்லை. டீ கொடுத்தாள்.

"அவுகளுக்கு ராத்திரி சோறு குடுக்காங்களா?"

"குடுக்காங்க. சப்பாத்தி."

"சப்பாத்தி திங்க மாட்டாவளே."

"தின்னுதான் ஆகணும். ஹோட்டலா அது?" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிடும் போலிருக்கிறது. கவனமாக இருக்க வேண்டும்.

கிளம்பும்போது, கிழித்த நாள்காட்டித் தாள் ஒன்றைக் கொடுத்தாள். குழாயைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் முன் கஸ்பார் அதன் பின்பக்கத்தில் வரைந்து வைத்தது. குழாய், மூடி, கயிறுகள் கட்டும் வளையம், எல்லாம் அம்புக்குறி போட்டுப் பெயரெழுதி, அழகான படம். நான் சொல்லிக்கொடுத்த முறை. நீளம் 40 என்று போட்டிருக்கிறான், அலகு இல்லை. அரை மதிப்பெண் போயிற்று.

குழாயின் மேல் அச்சிட்டிருந்ததையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து வரைந்திருக்கிறான். ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி இந்தி, தயாரித்த ஆண்டு, தொகுதி எண். ஆங்கில வரியின் பொருள், இரவில் தரையை வெளிச்சமாக்க வானிலிருந்து இறக்கும் தீப்பந்தம். எதிரி நாட்டான் நம் கடலில் போட்டான் என்றால், நம் இந்தியையும் கற்றுக்கொண்டு வந்து போட்டிருக்கிறான்.

குடைத்துணியில் தொங்கிக்கொண்டு எரிகிறது. அதனால்தான் ஒரே வேகத்தில் மெல்ல இறங்குகிறது. பதினோராம் வகுப்புப் பாடம், இரண்டு மதிப்பெண் கேள்வி. இதற்கு மூன்று லாரி.

குழாய் மேஜரின் மேசை மேல்தான் இருக்கிறது. அவருக்கு ஆங்கிலமும் தெரியும், இந்தியும் தெரியும்.

பிப்ரவரி 7, வெள்ளி

மேஜரிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் இந்தப் பகுதியில் யாராவது பயிற்சி நடத்தினார்களா என்று கேட்டு எழுதினேன்" என்றார். "எந்தப் பிரிவும் நடத்தவில்லை என்று பதில் வந்திருக்கிறது. எழுத்தில் வந்திருக்கிறது."

"குழாய்?"

"பயிற்சி நடக்கவில்லை என்றால், குழாய் நம்முடையது இல்லை. நம்முடையது இல்லை என்றால், அது அந்தப் பையனுடையது. திங்கட்கிழமை வண்டி வரும். மேல்விசாரணைக்கு வெளியூர் அழைத்துப் போவார்கள்."

"எத்தனை நாள்?"

அவர் இன்னொரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். மூன்று இரவுகளிலும் தெரிந்தது வெள்ளிக் கிரகம்தான் என்று இயற்பியல் ஆசிரியை அமலோற்பவம் ஆகிய நான் அறிவியல் சான்று அளிக்க வேண்டும். சாட்சி எண் நான்கும் ஆமென்று கையெழுத்திட வேண்டும். ஒளி வெள்ளி என்றாகிவிட்டால், குழாய்க்கும் ஒளிக்கும் தொடர்பில்லை. அது வெறும் கடல்குப்பை. கோப்பு மூடப்படும், பையன் வீட்டுக்குப் போகலாம்.

"வெள்ளி இந்த மாதம் மேற்கே தெரிந்து, இரவு ஒன்பது மணிக்குள் மறைந்துவிடும்" என்றேன். "இவர்கள் பார்த்தது நள்ளிரவுக்கு மேல், கிழக்கே."

"தெரியும்" என்றார். "என் மகளும் இயற்பியல்தான் படிக்கிறாள். அவள் கண்ணில் இந்தக் காகிதம் படக்கூடாது."

நாளை சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். திசையைத் தப்பாக எழுதிய மாணவர்களை வெயிலில் நிற்கவைத்தவள் நான். கையெழுத்துப் போடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். பேனாவில் எழுதுகிறேன், அழிக்க முடியாது.

பிப்ரவரி 8, சனி

கஸ்பாரிடம் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். மேஜர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளியா?" என்றான். "யக்கா, இப்ப வெள்ளி ராச்சோறு திங்கதுக்குள்ள அடைஞ்சிரும். இது தெரியாதவன் கடலுக்குப் போவானா? ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகுது. கையெழுத்துப் போடு. பிலோமி தனியா இருக்கா. நல்லா இருக்கா, ஆஸ்பத்திரியில காட்டியாச்சு, எல்லாம் சரியா இருக்காம். சப்பாத்தியப் பத்திக் கேட்டா."

மேஜர் குறுக்கிட்டார். "இவ்வளவு நீளமாக நான் எதுவும் சொல்லவில்லையே?"

"தமிழில் நீளம்தான்" என்றேன்.

கஸ்பார் குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போட மாட்டேன்க்கா. ரெண்டாம் நாளு அது சேவியரு வல்லத்துக்குப் பக்கத்துல, எரிஞ்சுக்கிட்டே தண்ணிக்குள்ள விழுந்துச்சு. ஒரு கல்லெறி தூரம் இருக்காது. வல்லத்துல அஞ்சு பேரு, ரெண்டு கேன் டீசலு. இன்னைக்கு வெள்ளின்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு யாருக்கும் சொல்லாம மறுபடி போடுவான். அப்ப வல்லத்து மேல விழும். வெள்ளி விழுந்துச்சுன்னா எழுதுவிய?"

நான் காகிதத்தை மறுபடியும் பார்த்தேன்.

"நீதானக்கா சொல்லிக்குடுத்த, பாத்ததத்தான் எழுதணும்னு."

"என்ன சொல்கிறார்?" என்றார் மேஜர்.

இந்த முறை, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். சேவியரின் வல்லம் (படகு என்றேன்), டீசல், வெள்ளி, எல்லாம். டீச்சர் சொல்லிக்கொடுத்தது வரைக்கும். அக்கா என்ற சொல்லை மட்டும் விட்டேன். பிறகு, நானும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். என் குரல் நடுங்கியது. ஆங்கிலத்தில் நடுங்கினால் அவ்வளவாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

"அப்படியானால் திங்கள் மாலை வண்டி" என்றார் மேஜர். அவர் குரலும் சரியாக இல்லை.

பிலோமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியை விடுவிக்க இருந்த ஒரே வழியை நானே அடைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். "அவுக போட்டிருந்தாத்தான் எனக்கு ஆச்சரியமா இருந்திருக்கும் மைனி" என்றாள். அப்புறம் அழுதாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கத்தின்போது மனதுக்குள் கணக்குப் போட்டேன். மன்னிக்கப்படும்.

வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதினேன். நான்கு பக்கம். நோக்கம், உற்றுநோக்கல், கணக்கீடு, முடிவு. எரிந்த நேரம் 162 நொடி. இறங்கிய வேகம் சீரானது, ஆகவே குடைத்துணி. சேவியரின் வல்லத்திலிருந்த ஐந்து பேரின் கையெழுத்து. கஸ்பாரின் படம், தொகுதி எண்ணோடு. நீளத்துக்கு அலகை நான் சேர்த்தேன்: சென்டிமீட்டர். கடைசியில், இந்தப் பொருள் எந்தப் பிரிவுக்கு வழங்கப்பட்டது என்று எழுத்துமூலம் தெரிவிக்கக் கோருகிறேன் என்று முடித்தேன். நான்கு நகல்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

செய்முறைத் தேர்வு தொடங்கியது. இரண்டு வோல்ட்மீட்டர்களும் தம் கொள்கையிலிருந்து மாறவில்லை.

மதிய இடைவேளையில் மையத்துக்குப் போனேன். மேஜர் சாப்பிடப் போயிருந்தார். ஹவில்தார் பிஷ்ட் மட்டும் இருந்தார். நல்ல மனிதர், மேசைக்கு வரும் எதற்கும் முத்திரை குத்துவார், டீக்கடைச் சீட்டுக்குக் கூடக் குத்தியதைப் பார்த்திருக்கிறேன். என் அறிக்கையைப் பெற்றுக்கொண்டதாகத் தபால் வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, நான்கு நகல்களிலும் முத்திரை குத்தி, மூன்றைத் திருப்பிக் கொடுத்தார். மாவட்ட ஆட்சியருக்கு ஒன்றும் மீன்வளத் துறைக்கு ஒன்றும் தபால் நிலையம் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்றாவது என் பீரோவில்.

நான்கு மணிக்கு மேஜர் பள்ளிக்கே வந்தார். தேர்வறை வாசலில் நின்றார். பிள்ளைகள் ஊசலைக் கைவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"என்ன செய்திருக்கிறீர்கள் தெரியுமா?" என்றார். "இதற்கு நான் பதில் எழுத வேண்டும். எழுதினால் குழாய் யாருடையது என்று எழுத வேண்டும். அதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. எழுதாமல் இருக்கவும் முடியாது, பதிவேட்டில் எண் விழுந்துவிட்டது."

"மன்னிக்கவும்" என்றேன். "நான் ஆசிரியை. கேள்வி கேட்டுத்தான் பழக்கம்."

என்னையே பார்த்தார். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். "வண்டியை இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

செய்தி இல்லை. பிலோமி வீட்டில் சாப்பிட்டேன். பாறை மீன் குழம்பில் புளி தூக்கல். சொல்லவில்லை.

பிப்ரவரி 12, புதன்

மேலிடத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. மேஜர் வாசித்துக் காட்டினார். சேந்தங்கரையில் மேற்படி மூன்று இரவுகளிலும் ஒளி ஏதும் தெரியவில்லை. ஒளி தெரியாததால் விசாரணை எதுவும் நடக்கவில்லை. விசாரணை நடக்காததால் சாட்சிகள் எவரும் அழைக்கப்படவில்லை, பொருள் எதுவும் கிடைக்கவில்லை. ராணுவம் இங்கே வந்தது கடற்கரைத் தூய்மைப் பணிக்காக. மொழிபெயர்ப்பில் உதவியதற்காக எனக்கு ஒரு நன்றிக் கடிதம். கடற்கரையில் எதை மொழிபெயர்த்தேன் என்று அதில் இல்லை.

"படகுகள்?" என்று கேட்டேன்.

மேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "இன்று காலை மீன்வளத் துறைக்கு ஒரு சுற்றறிக்கை போயிருக்கிறது. அடுத்த மாதம் மூன்று முதல் ஏழு வரை, இரவில் குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால் யாரும் போகக்கூடாது. காரணம் எழுதியிருக்காது. இனிமேல் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே வரும்."

அதைப் பெற அவர் எத்தனை காகிதம் எழுதினாரோ, யாரிடம் என்ன பேச்சுக் கேட்டாரோ தெரியாது. நன்றி என்றேன். எதற்கு என்றார்.

கஸ்பாரை வெளியே விடுவதில் ஒரு சிக்கல். அவனை யாரும் பிடித்து வைக்கவே இல்லை என்று முடிவாகிவிட்டதால், விடுவிப்பதற்குப் படிவம் கிடையாது. படிவம் இல்லாமல் காவல்காரர் கதவைத் திறக்கமாட்டார். ஹவில்தார் பிஷ்ட் பெட்டியைக் குடைந்து, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். முகாமிலிருந்து வெளியே போகும் பண்டங்களுக்கான ரசீது. நாற்காலி, பாத்திரம், டீசல் பீப்பாய்க்கெல்லாம் அதுதானாம்.

நிரப்பினேன். எண்ணிக்கை: ஒன்று. பொருளின் நிலை என்ற இடத்தில் 'சற்று மெலிந்துள்ளது' என்று எழுதினேன். அதன் கீழே, பெறுபவரின் பதவி.

அந்த இடத்தில் மட்டும் தமிழில் எழுதினேன்.

மேஜர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன எழுத்து? என்ன பதவி இது?"

"அக்கா" என்றேன். ஆங்கிலத்தில் பொருளையும் சொன்னேன்.

மேஜர் என்னைப் பார்த்தார், கதவுக்கு அப்பால் நின்ற கஸ்பாரைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"இது முதல் நாளே தெரிந்திருந்தால் உங்களை இந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதனால்தான் சொல்லவில்லை."

"உங்கள் ஊரில் இந்தப் பதவி எவ்வளவு பெரியது?"

"மேஜருக்கு மேலே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ரசீதை ஹவில்தார் பக்கம் தள்ளினார். முத்திரை விழுந்தது.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. லாரிகளைத் தாண்டியதும் கஸ்பார், என் தோளில் தொங்கிய பையைக் கேட்காமலே வாங்கி மாட்டிக்கொண்டான். அதில் இருபத்தெட்டுச் செய்முறைப் பதிவேடுகள். நல்ல கனம். நான் தடுக்கவில்லை.